ஆள்காட்டி மரத்தில் உட்காராதது ஏன்

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பேசியதால் ஒருவர் சொல் இன்னொருவரைக் குத்தவும் செய்தது.

அப்போது கரட்டடிக் காட்டில் ஆள்காட்டிப் பறவைக்குப் பெரிய பொறுப்பு ஒன்று இருந்தது. வருஷம் தவறாமல் பங்குனிக் கடைசியில் அவள் காடு முழுக்க நடந்து பார்ப்பாள். எந்தப் புல் துளிர்த்திருக்கிறது, ஆவாரை பூத்ததா, கௌதாரி குஞ்சு பொரித்ததா, புற்றில் கரையான் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டுக் குட்டைக் கரையில் நின்று சொல்வாள். "தங்கலாம்" என்றால் எல்லோரும் கோடையை அங்கேயே கழிப்பார்கள். "கிளம்புங்க" என்றால் குட்டை வற்றுமுன் வயிறு நிறையக் குடித்துவிட்டு, பொட்டலைக் கடந்து அடுத்த கரட்டுக் குன்றுக்குப் போய்விடுவார்கள். குட்டை வற்றிய பிறகு பொட்டலைக் கடப்பது சாவதற்குச் சமம்.

நடக்கவென்றே அமைந்த நீண்ட மஞ்சள் கால்கள் அவளுக்கு. ஒரு வருஷம் அந்தக் கால்களைப் பார்த்துத் திருகுமான் கூட்டத்தின் தலைவர் சிரித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, மஞ்சக் குச்சியில நிக்கிறே? காத்தடிச்சா ஒடிஞ்சிடாதா?"

குட்டைக் கரையே சிரித்தது. அவர் தண்ணீர் குடிக்கக் குனிந்துவிட்டார். அவளை மட்டும் அந்தச் சொல் குத்தியது. சின்னப் பேச்சுதான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் காலையா சொன்னார்?

'இனி உன் மேய்ச்சல் மண்ணில் என் கால் படாது' என்று அன்றே தீர்மானித்தாள்.

மறு வருஷம் அவள் நடக்கவில்லை. வாகை மரத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தாள், தங்கலாம் என்றாள். அந்த வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்கடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஆனாலும் உச்சிக்கிளையிலிருந்து பார்த்தபோது காடு முன்னைவிடப் பச்சையாகத் தெரிந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பூ வேறு.

"இவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்லை. தங்கலாம்!" என்றாள்.

நட்சத்திர ஆமை கழுத்தை நீட்டினாள். "ஏ பிள்ளை, கீழே இறங்கிப் பாத்தியா? என் வயிறு மண்ணுல உரசிக்கிட்டே போகுது. எனக்குப் புல்லே தட்டுப்படலை."

"நீ ஒரு நாள் பூரா நடக்கிறது எனக்கு ஒரு பார்வை, அக்கா. பத்தடி பாத்துட்டுக் காட்டுக்குத் தீர்ப்பு சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இம்முறை சிரிப்பு தன் பக்கம் என்பதில் ஆள்காட்டிக்கு மகிழ்ச்சி. எல்லோரும் தங்கினார்கள்.

சித்திரை பாதியில் ஒரு காலை. கௌதாரி கூப்பிடவில்லை. சில்வண்டுகூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக ஆள்காட்டி இறங்கி, அந்தப் பச்சைக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலே கூரை போட்டதுபோல் இலை. கீழே ஒன்றுமில்லை. ஒரு புல் இல்லை, ஒரு பூச்சி இல்லை. ஆவாரை எங்கே, சூரை எங்கே, கொழுக்கட்டைப் புல் எங்கே? அவள் கண்ட பச்சை முழுக்க ஒரே செடி. எங்கிருந்தோ வந்த உண்ணிச்செடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு நின்றது. கௌதாரிக் கூடு கிடந்தது. முட்டை இல்லை, ஓடுகூட இல்லை.

அதன் நடுவில் திருகுமான் தலைவர் விழுந்து கிடந்தார். பசி தாங்காமல் நஞ்சான உண்ணி இலையைத் தின்று மூக்குத் தோல் வெடித்திருந்தது.

"தங்கச்சியா? வா. இந்தப் பக்கமே வரலையே நீ, ஏம்மா?"

"நீங்கதானே என் காலைக் குச்சின்னு சொன்னீங்க!"

அவர் கண்ணை மெல்லத் திறந்தார். "நானா? எப்போ?"

இரண்டு வருஷம் அவள் பொத்தி வைத்திருந்த சொல் அவருக்கு நினைவிலேயே இல்லை.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போம்மா," என்றார் அவர். அப்புறம் பேசவில்லை.

அவள் அலறினாள். அதுவரை யாரும் கேட்டிராத அலறல். அலறிக்கொண்டே காடெங்கும் ஓடி ஓடி, இருக்கிறவர்களைக் கிளப்பினாள். குட்டையில் சேறு மட்டும் மிச்சம். அதை நக்கிவிட்டு, அவள் குரலின் பின்னாலேயே பொட்டலில் இறங்கினார்கள். பதினேழு மான்குட்டிகளில் மூன்று அக்கரை சேர்ந்தன. ஆமை அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள். ஆள்காட்டி திரும்பி ஓடி வந்தபோது, "இப்பவாவது இறங்கினியே," என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி எந்த மரத்திலும் உட்காருவதில்லை. யார் காலடி கேட்டாலும் காடே விழிக்கும்படி அலறுகிறாள். முட்டையைக்கூட வெறுந்தரையில் இட்டு, தன் வயிறு மண்ணில் படும்படியே உட்கார்ந்திருக்கிறாள்.