கடைசி வரி வரைக்கும்

ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் எம்.டி. தெய்வசிகாமணி, தாம் வளர்ந்து ஆளான கதையை ஆளுயரப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடுப்பாகி வார்டு ஆயா பாப்பாத்தியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை சேர்மன் வர்றார். எந்த நோயாளியைக் கேட்டாலும் இது கடைசி வரி வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா உனக்கு வேலை கிடையாது."

"ஆகட்டுங்க" என்ற பாப்பாத்தி, பலகையைக் கொண்டுபோய் ஸ்கேன் அறைக்கு எதிரில் மாட்டினாள். அங்கே ஸ்கேன் எடுக்க ஒரே ஆள்தான். மற்றவர்களை வீண் செலவென்று நிறுத்தியது எம்.டி.யேதான்.

திங்கட்கிழமை, பலகை முன்னால் சேர்மனை நிறுத்திவிட்டு, அங்கிருந்த பெரியவரிடம் எம்.டி. கேட்டார்: "இதைப் படிச்சீங்களா?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, பிறந்த ஊரிலிருந்து வாங்கிய விருதுவரை ஒப்பித்தார். "கடைசி வரி, 'நோயாளிகளை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்காதவர்.' காலையில இருந்து பதினோரு தடவை படிச்சுட்டனுங்க. இன்னும் என்னைக் கூப்பிடலைங்க."

சேர்மன் எம்.டி.யைப் பார்த்த பார்வையில், மறுநாளே ஸ்கேன் எடுக்க மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் எம்.டி. பாப்பாத்தியை முறைத்தார். "இப்ப ஏன் ஒருத்தரும் படிக்கிறதில்ல?"

"முதல் வரியிலயே பேரைக் கூப்பிட்டுர்றாங்க. கடைசி வரிதான் நெசமாயிருச்சுங்களே, இனி எதுக்குங்க படிக்கோணும்?"