யூரோப்பியம் குறைந்த கல்

"மெஷின் பொய் சொல்லுது மேடம்" என்றான் இருதயராஜ்.

அவன் ஞானம் தேடி வந்தவன் இல்லை. எரிமலைக் கற்களில் துளித்துளியாக இருக்கும் தனிமங்களை அளந்து, முனைவர் பட்டம் வாங்க வந்தவன். பேராசிரியை மீனலோசனியிடம் வருகிறவர்களுக்கு ஞானம், பட்டம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று துறையில் கேலி பேசுவார்கள்.

"என்ன பொய்?"

"மத்த தனிமமெல்லாம் வரிசையா சரியா வருது. யூரோப்பியம் மட்டும் எப்ப அளந்தாலும் குறையுது. நானே சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"இந்தப் பக்கத்து எண்ணையும் அந்தப் பக்கத்து எண்ணையும் கூட்டி, பாதியைப் போட்டேன்."

வேதியியல் படித்துவிட்டு வந்தவன். கல் அவனுக்குப் புதிது.

மீனலோசனி வரைபடத்தைப் பார்த்தார். கோடு ஒரு பள்ளம் இல்லாமல் வழவழவென்று இறங்கியது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"படுக்கையிலதான். கஸ்பார் பேசுனானான்னு கேட்டாங்க. பேசினான், சாப்பிட்டான், உங்களைக் கேட்டான்னு சொன்னேன்."

கஸ்பார் அவன் தம்பி. ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான் இருதயராஜ். அந்தப் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. தம்பிக்காக ஒரு பூசைகூட வைக்க முடியவில்லை.

துறைக்கே இது தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

மீனலோசனி அந்தக் கல்லின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தார்.

"இதுல ஃபெல்ட்ஸ்பார் படிகம் எங்க இருக்குன்னு தேடு."

சாயங்காலம் வரை தேடினான். கண் எரிந்தது.

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

"இருந்துச்சு. பாறைக்குழம்பு ஆற ஆரம்பிச்சப்போ அதுதான் விளைஞ்சது. அதுக்குள்ள யூரோப்பியத்துக்குப் பொருந்துற இடம் உண்டு. அதோட சொந்தக்காரங்களான மத்த தனிமங்களுக்கு அவ்வளவா இல்ல. அதனால இதை மட்டும் எடுத்துக்கிட்டு அடியில தங்கிடுச்சு. மிச்சக் குழம்பு மேல வந்து இந்தக் கல்லாச்சு."

"அதை யார் பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

அவன் நேராக்கிய கோட்டின் மேல், பள்ளம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவர் விரலை வைத்தார்.

"அது போனதுக்கு இருந்த ஒரே சாட்சி இதுதான். நீ அதைத் தூர்த்துட்டே."

இருதயராஜ் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அடியில போனது மேல வரவே வராதா மேடம்?"

"கல்லு ஆறிடுச்சு, ராஜ்."

அந்தக் கணத்தில் அவரை அவன் வெறுத்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

செல்போன் அடித்தது. அம்மா.

"எய்யா, கஸ்பார் இன்னைக்குப் பேசுனானா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லம்மா."

"பின்ன எப்பய்யா பேசுவான்?"

எதிரில் இருந்தவர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனி பேசமாட்டான்மா."