மூன்றாவது மாவுக்கட்டு

“இந்தக் காலை வச்சுக்கிட்டு நொண்டி நாய்கூட ஓடாது.”

சவரிமுத்து தன் இடது காலைக் கழற்றி மேசைமேல் போட்டான். மேசையிலிருந்த டீத் தம்ளர் உருண்டது.

டீச்சர் தம்ளரை நிமிர்த்தி வைத்தாள். காலைத் தொடவில்லை.

“வாங்க அண்ணாச்சி. உக்காருங்க” என்றாள்.

அவள் பெயர் சுயம்புகனி. தூத்துக்குடியில் செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் வேலை. கால் செய்து கொடுப்பதோடு, கம்பியைப் பிடித்து நடக்கவும் அவளே பழக்குவாள். அதனால் அந்த வட்டாரத்தில் கால் போனவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர். சவரிமுத்துவுக்கு நாற்பத்தொரு வயது. அவளைவிட எட்டு வயது மூத்தவன். அவனுக்கும் டீச்சர்தான்.

“என்ன குறை?”

“என்ன குறையா? கோயம்புத்தூர்க்காரன் வளைஞ்ச பிளேடு மாட்டிக்கிட்டு மான் மாதிரி பறக்கான். நான் இந்த ரப்பர்ப் பாதத்தை வச்சுக்கிட்டு அம்மியை இழுக்க மாதிரி இழுத்துக்கிட்டுக் கிடக்கேன். எனக்கும் பிளேடு வேணும்.”

டீச்சர் எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த பிளேடை எடுத்தாள். கறுப்பாக, அரிவாளைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல இருந்தது. வெளிநாட்டில் எவனோ ஒரு ஓட்டக்காரன் போட்டுக் கழித்தது. தானமாக வந்தது.

“இந்தாங்க.”

சவரிமுத்து சண்டைக்கு என்றே வந்தவன். அரை மணி நேரத்துக்கு வேண்டிய வசவு வாய் நிறைய இருந்தது. அதை எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

“இத்தனை நாள் ஏன் தரல?”

“இத்தனை நாள் நீங்க கேக்கல. பிளேடு எவன் காலுக்கும் ஓடும் அண்ணாச்சி. மேல இருக்க கூடுதான் பாடாப் படுத்தும்.”

கூடு என்றால், மொட்டைக்காலை உள்ளே விடுகிற பகுதி. மொட்டைக்காலின் மேல் மாவுக்கட்டுப் போட்டு, அது இறுகியதும் உருவி, அந்த அச்சை வைத்துக் கூடு செய்வார்கள். சரியாக அமைந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியேறி, கூடு தோலைக் கவ்விக்கொள்ளும். வாரும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். ஒரு நூல் பிசகினால் புண்.

டீச்சர் மாவு பூசிய துணிச் சுருளை வாளித் தண்ணீரில் நனைத்தாள். சவரிமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அதில் சுற்றத் தொடங்கினாள்.

“சதையைத் தளர விடுங்க.”

“விட்டாச்சு.”

அவள் விரலால் குத்திப் பார்த்தாள்.

“கல்லு மாதிரி இருக்கு.”

“ஓட்டக்காரன் காலு பின்ன இட்லி மாதிரியா இருக்கும்?”

“சரி. இந்த வயசுல எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“திருச்சியில மாநிலப் போட்டி. நானூறு மீட்டர். ஜெயிச்சா பேப்பர்ல போட்டோ வரும். அதை ஞானதுரை பாக்கணும்.”

ஞானதுரை கதை பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம். பிடித்து நடக்கிற கம்பிக்குக்கூட மனப்பாடம். ஆனாலும் அவன் சொன்னான்.

துறைமுகத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மேலே கிரேனில் ஞானதுரை. கீழே நின்று கைகாட்டுகிறவன் சவரிமுத்து. ஒருநாள் ‘நிறுத்து’ என்று காட்டிய கையை ஞானதுரை பார்க்கவில்லை. காதில் போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கிரேனில் தொங்கிய மரத்தடி அவன் இடது காலில் இறங்கியது.

விசாரணையில் ஞானதுரை, “மாதா சத்தியமா, சவரிமுத்துதான் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்னான்” என்றான். அப்படியே எழுதினார்கள். கோட்டைத் தாண்டியவன். அதுதான் சவரிமுத்துவுக்குக் கிடைத்த பட்டம்.

பொய்ச் சத்தியம் செய்தவன் நாக்கு அழுகும் என்பார்கள். ஒன்பது வருடம் ஆகிறது. ஞானதுரையின் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் அதே கிரேன்தான் ஓட்டுகிறான். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை.

“ஞாயித்துக்கிழமை பூசையில முன் பெஞ்சுல நிக்கான் டீச்சர். என் கண்ணு முன்னால முழங்கால் போடுதான். ரெண்டு காலையும் மடக்கி! ரெண்டு காலையும்!”

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலிக் கைப்பிடி முனகியது.

“இறுகிட்டு” என்றாள் டீச்சர்.

அவள் மாவுக்கட்டைச் சொன்னாள். முகத்தில் திருப்தி இல்லை.

*

எட்டாம் நாள் கால் தயார்.

சவரிமுத்து மாட்டினான். எழுந்து ஒரு மிதி மிதித்தான். கூடு கவ்விக்கொண்டது. பட்டறை முற்றத்தில் நாலு சுற்று ஓடினான். நாலாவது சுற்றில் காக்கைகள் எழுந்து பறந்தன.

“இதுதான் காலு! பெத்த தாய் குடுத்த கால்கூட இப்படி ஒட்டி நிக்கல!”

“டீ குடிங்க” என்றாள் டீச்சர்.

உட்கார்ந்து குடித்தான். இஞ்சி டீ. நன்றாக இருந்தது. பாதித் தம்ளர் குடித்திருப்பான். டீச்சர் குனிந்து, கூட்டின் விளிம்புக்கும் அவன் தோலுக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டாள்.

விரல் உள்ளே போனது.

“பாத்தியளா?”

“எதைப் பாக்க?”

“இந்தக் காலு உங்களுக்குச் சேரல. மறுபடியும் மாவுக்கட்டுப் போடணும்.”

“சேரலயா? இப்பத்தானே நாலு சுத்து ஓடினேன்?”

“ஓடும்போது சேருது. டீ குடிக்கும்போது சேரல.”

சவரிமுத்து தம்ளரை ‘டக்’கென்று வைத்தான்.

“டீ குடிச்சுக்கிட்டா ஓடப் போறேன்? ரெண்டு காலும் முழுசா இருக்கவளுக்கு என்ன தெரியும்? போட்டிக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு. நீயும் என்னய உக்கார வைக்கப் பாக்க!”

“ஒரு சொல்லு கேளுங்க, அண்ணாச்சி.”

அவன் அதற்குள் வாசல் தாண்டிவிட்டான். சற்றுமுன் விரல் போன இடத்தில் இப்போது விரல் நுழையாது. கூடு மறுபடியும் கவ்விக்கொண்டுவிட்டது.

*

திருச்சியில் ஆறு பேர் ஓடினார்கள்.

சவரிமுத்து மூன்றாவது பாதையில். கோயம்புத்தூர்க்காரன் நான்காவதில்.

துப்பாக்கி வெடித்தது.

அவனுக்கு மைதானம் தெரியவில்லை. முன் பெஞ்சுதான் தெரிந்தது. பிளேடு ஒவ்வொரு முறை தரையை உதைக்கும்போதும் ஒரே சொல். முழங்கால் போடுதான். முழங்கால் போடுதான். நூறு மீட்டர். இருநூறு மீட்டர். மூச்சு முட்டவில்லை. வலி தெரியவில்லை. முந்நூறில், வளைவு முடிகிற இடத்தில், கோயம்புத்தூர்க்காரனைத் தாண்டினான்.

கூட்டம் எழுந்து நின்றது.

கடைசி நேர்கோட்டில் அறுபது மீட்டர் மிச்சம். சவரிமுத்துதான் முதல்.

அப்போது காலடியில் ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம்.

கூட்டுக்குள் காற்று புகுந்தால் அப்படித்தான் கேட்கும். பொது இடத்தில் அடக்க முடியாமல் போனவனின் சத்தம் மாதிரியே இருக்கும். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த மிதியில் பிளேடு திரும்பியது. அதற்கடுத்த மிதியில் கால் ஒரு பக்கம், சவரிமுத்து ஒரு பக்கம். உருண்டு பக்கத்துப் பாதையில் போய் விழுந்தான்.

கோயம்புத்தூர்க்காரன் ஜெயித்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். “அண்ணா, கையக் குடுங்க” என்றான். சவரிமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

அதிகாரி ஒருவர் காகிதத்தோடு வந்தார். அவன் பெயருக்கு நேராக எழுதினார். சவரிமுத்து எட்டிப் பார்த்தான்.

‘கோட்டைத் தாண்டினார். நீக்கம்.’

வாழ்க்கையில் இரண்டாம் முறை. இந்த முறை அது உண்மை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. மண்ணில் கிடக்கிற சவரிமுத்து. மூன்று அடி தள்ளி அவன் கால்.

ஞானதுரை பார்த்திருப்பான்.

*

“கொன்னுட்டியே!”

கால் மேசையில் வந்து விழுந்தது. தம்ளர் இந்த முறை உடைந்தது.

டீச்சர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

“தெரிஞ்சுக்கிட்டே குடுத்த. சேராதுன்னு தெரியும். தெரிஞ்சும் என்னய ஓட விட்ட. நீயும் ஞானதுரையும் ஒண்ணு!”

“நான் குடுக்கல அண்ணாச்சி. நீங்க எடுத்துட்டு ஓடினீய.”

“புடுங்கி வச்சிருக்க வேண்டியதுதானே?”

“உங்ககிட்டருந்து எதையாவது புடுங்க முடியுமா?”

சவரிமுத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

“எங்க கழண்டுச்சு?” என்றாள்.

“திருச்சியில!”

“மைதானத்துல எங்க?”

“கடைசியில. அறுபது மீட்டர் இருக்கும்போது.”

“அதுவரைக்கும்?”

“அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.”

டீச்சர் காலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“மாட்டுங்க.”

“என்ன, கேலியா?”

“மாட்டுங்கன்னா மாட்டுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினான். ஒரே மிதி. கூடு கவ்விக்கொண்டது. டீச்சர் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து அழுத்தினாள். நகம்கூட நுழையவில்லை.

சவரிமுத்து அந்த விரலைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். போன தடவை மாவுக்கட்டில் வார்த்து எடுத்த அச்சு. அவன் மொட்டைக்கால். சதை முண்டும் முடிச்சுமாக, ஓங்கிய முஷ்டி மாதிரி இருந்தது.

“நாலு நிமிஷத்துல இறுகுற மாவு” என்றாள். “அந்த நாலு நிமிஷமும் நீங்க அவனைத்தான் பேசினீய. கோவத்துல பொடச்ச சதையோட அச்சு இது.”

சவரிமுத்து அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலை நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

“அப்ப, அந்த நாயை நான் மன்னிக்கணுமா? அதுக்குத்தானே சுத்தி வளைக்க?”

“நான் என்ன சாமியாரா?” டீச்சருக்கும் கோபம் வந்துவிட்டது. “மன்னிக்காதீய. நானா இருந்தா நானும் மன்னிக்க மாட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணினவன முன் பெஞ்சுல உக்கார வச்சிருக்கானுவளே, அவனுவளையும் சேத்து மன்னிக்க மாட்டேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. சதையைத் தளர விடுங்க.”

அவள் அவன் மாட்டியிருந்த காலைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்தாள். துணிச் சுருளை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இடது கை அவன் மொட்டைக்கால்மேல் இருந்தது.

கல்.

துணிச் சுருள் அவள் கையிலேயே இறுகியது. தூக்கிக் குப்பையில் போட்டாள். இன்னொன்றை நனைத்தாள்.

கல்.

அதையும் போட்டாள்.

சவரிமுத்துவின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. நானூறு மீட்டர் ஓடியபோதுகூட அவனுக்கு அவ்வளவு வேர்க்கவில்லை.

“எப்படி விடுததுன்னு தெரியல டீச்சர்” என்றான். அவன் அங்கே வந்த நாளிலிருந்து சத்தம் போடாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

டீச்சர் மூன்றாவது சுருளை நனைத்தாள்.

“அறுபது மீட்டர் இருக்கும்போதுன்னு சொன்னீயளே. அதுக்குக் கொஞ்சம் முந்தி. என்ன பாத்தீய?”

“என்னத்தப் பாத்தேன்...”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

அவன் யோசித்தான்.

“ரிப்பன். முடிவுக் கோட்டுல வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தாவ.”

“பிறகு?”

“மூஞ்சில காத்து அடிச்சுது. வேர்வை காயுதது தெரிஞ்சுது.”

“பிறகு?”

“யாரோ ஒரு பொம்பள, ‘ஓடுங்கண்ணே’ன்னா. யாருன்னு தெரியல.”

“பிறகு?”

சவரிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். முற்றத்தில் காக்கைகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. டீச்சரின் கை மொட்டைக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

“பிறகு ஒண்ணுமில்ல டீச்சர். முன்னால எவனுமே இல்ல.”

சொன்னது தன் காதில் விழுந்ததும், வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினான்.

“ஆடாதீய” என்றாள் டீச்சர். “இறுகுது.”