மூன்று கை ஸ்வெட்டர்

வாயைத் திறப்பதில்லை என்று மனைவி துளசிமணியின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வரதராசு அன்று காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அன்று ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் முகாம். பால் சொசைட்டிக்கு எதிரே வேப்பமரத்தடியில் எட்டு மணிக்கு டாக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சத்தியத்துக்குக் காரணம் ஆறுச்சாமி. சுற்றிலும் முள்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்ட நாலு ஏக்கர் கொறங்காடு அவருக்கு இருந்தது. சித்திரை பிறக்கப் போகிறது. வரதராசு வீட்டைச் சுற்றியிருந்த பச்சையெல்லாம் கருகிவிட்டது. கொறங்காடு மேய்ச்சலுக்குக் கிடைத்தால் ஆடுகள் தங்கும். கிடைக்காவிட்டால் வருகிற சனிக்கிழமை சந்தைக்குப் போகும். ஆறுச்சாமியோ ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற ஆள். ஆடு வளர்க்கத் தெரியாதவனை வேலிக்குப் பக்கத்தில்கூட நிற்க விடமாட்டார். அவரும் முகாமுக்கு வருவார்.

"கேக்கறதை நான் கேட்டுக்கறேன். நீங்க சும்மா நின்னாப் போதும்" என்றாள் துளசிமணி.

சும்மா நிற்பதுதான் வரதராசுவால் ஆகாத காரியம். இருபத்திரண்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் கத்திச் சொன்னால்தான் காதில் விழும், பெரிதாகச் சொன்னால்தான் நின்று கேட்பார்கள். மிஷினை விட்டு வந்து, ஏழு செம்மறி வாங்கிப் பத்து மாதம் ஆகியும் வாய் இன்னும் ஷிப்டில்தான் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் தனக்கு என்ன குறைந்துவிடும் என்று ஆட்டுக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் அவர் தன்னைக் கேட்டுக்கொள்வதுண்டு.

ஆடுகளை மரத்துக்குப் பின்னால் நிழலில் கட்டிவிட்டு இருவரும் வந்து நின்றார்கள். ஆறுச்சாமி பக்கத்திலிருந்த சின்னப் பாலத்துச் சுவர்மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளசிமணி தொண்டையைச் செருமிக்கொண்டு அவரை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

அதற்குள் மயிலாத்தாள் ஆரம்பித்துவிட்டாள். நாற்பது வருஷமாக வெள்ளாடு வளர்ப்பவள். அவள் வாய்க்கு ஆடு மட்டுமல்ல, ஆளும் பயப்படும்.

"ஏந்தம்பி, பனியன் கம்பெனிக்காரர் பேச்சை ஆடு கேக்குதுங்களா?"

வரதராசு மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"கேக்குதாவாக்கா? நான் சொல்லாத பேச்சையே கேக்குது."

போயிற்று. துளசிமணி எடுத்து வைத்த அடியைப் பின்னால் வாங்கிக்கொண்டாள்.

"முத நாள் பட்டியைத் தொறந்து விட்டேன். ஏழும் ஒரே ஓட்டம், வித்தவன் ஊரைப் பாத்து. ஆறு மைலு. நான் பின்னாடியே ஓடுனேன்னா அது ஒரு ஓட்டமா? குறுக்கால காட்டுக்குள்ள பாஞ்சு, அதுகளுக்கு முன்னாலயே போயிச் சேந்துட்டேன். பழைய பட்டிக்குள்ள நின்னு, படலைத் தொறந்து புடிச்சுக்கிட்டு, 'வாங்க, வழியில வெயிலுங்களா'ன்னு கேட்டேன். ஏழும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு அப்படியே திரும்பி வந்துச்சுங்க."

"ஆறு மைலு, ஆட்டை முந்துனீங்களாக்கும்."

"நடுவுல ஒரு டீயும் குடிச்சேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வரதராசுவுக்குப் பொல்லாதது. நிஜத்தில் அன்று நூறு அடி ஓடுவதற்குள் செருப்பு அறுந்து, முள் குத்தி அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துளசிமணிதான் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு பஸ் ஏறிப் போய், கீரையைக் காட்டிக் காட்டி ஆடுகளை நடத்திக் கூட்டி வந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்று தொடர்ந்தார். "ஒரு கல்யாண வீட்டுல சோறு மிஞ்சிப் போச்சுன்னு ரெண்டு அண்டா குடுத்தாங்க. அதுகளும் ஒரு நாளைக்கு விருந்து சாப்பிடட்டுமேன்னு வெச்சேன்."

"ஆட்டுக்குச் சோத்தை வெச்சீங்களா?" மயிலாத்தாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அண்டாவோடயா?"

"வயிறு உப்புச்சு. உங்க ஆடு உப்பற மாதிரியெல்லாம் இல்லீங்க்கா. காலு தரையை விட்டே எந்திரிச்சுருச்சு. முருங்கை மரத்துல கயித்தைக் கட்டி நிறுத்தி வெச்சேன், கோயில் திருவிழாவுல பலூன் கட்டற மாதிரி. அதுல ஒண்ணு கயித்தை அறுத்துக்கிட்டுத் தாராபுரம் பஸ்ஸுக்கு நேரா மேல போயிட்டிருக்குது. கண்டக்டர் தலையை வெளிய நீட்டி டிக்கெட்டுக் கேக்கறான். 'ஏறவே இல்லையே, எதுக்குடா டிக்கெட்டு'ன்னு நான் கீழ ஓடிக்கிட்டே சண்டை போடறேன்."

"குடுத்தீங்களா?"

"அரை டிக்கெட்டு. பொறவு மூங்கிலோட மூங்கிலைச் சேத்துக் கட்டி, நுனியில நல்லெண்ணெயை வெச்சு நீட்டுனேன். குடிச்சுது. ஒரு ஏப்பம் விட்டுது பாருங்க, நாலு ஊருல கரண்டு போயிருச்சு. அப்படியே மெத்துனு எறங்கி வந்து நின்னுக்கிச்சு."

கறந்த பாலை ஊற்ற வந்தவர்கள்கூடக் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நிஜத்தில் அந்த மத்தியானம் வேறு மாதிரி. வாசற்படியில் ஆட்டின் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டி, உள்ளங்கை தோலுரியும்வரை ஒவ்வொன்றின் வயிற்றையும் துளசிமணி தேய்த்தாள். படுத்தால் செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால் அவர் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வீட்டைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் சொல்ல அவருக்கு வாய் வராது. பொய் என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

"அது கெடக்கட்டும். பெரிய கத்திரிக்கோலு வாங்குனீங்களாமே, கம்பளி கத்தரிக்க" என்றாள் மயிலாத்தாள். "மேச்சேரி ஆடு தம்பி அது. உங்க முழங்கையில எத்தனை முடி இருக்குதோ, அதுக்கும் அத்தனைதான். எதைக் கத்தரிச்சீங்க?"

இந்தக் கத்திரிக்கோல் விஷயம் ஊருக்கே தெரியும். செம்மறி என்றால் கம்பளி, கம்பளி என்றால் நூல், நூல் என்றால் தனக்குத் தெரிந்த தொழில் என்று கணக்குப் போட்டவர் வரதராசு. மூன்று மாதம் தினமும் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாரும் இப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கறீங்க. யாராச்சும் அதுகிட்டப் பக்குவமாக் கேட்டிருக்கீங்களா? நான் பக்கத்துல உக்காந்து, நிட்டிங் மிஷின் ஓடற சத்தத்தை வாயிலயே போட்டுக் காமிச்சேன். ரோசம் வந்துருச்சு. ஒரே வாரம், கம்பளிக்குள்ள ஆடு எங்கன்னு கையை விட்டுத் தேடறோம். கத்தரிச்சு நூலாக்குனா, வீட்டுக்குள்ள நாங்க படுக்க எடமில்லை. அப்ப ஆடி மாசம். காத்து வாரி அடிக்குது. மேக்கால பாத்தா அந்தப் பெரிய காத்தாடி வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கலை. ஒரு ஸ்வெட்டர் பின்னி மாட்டி விட்டுட்டேன். மூணு கை வெச்சு."

"கரண்டு எடுக்கற காத்தாடிக்கு."

"அதுக்குத்தான். கழுத்து மட்டும் கொஞ்சம் லூசாப் போச்சு. பட்டன் வெச்சுக் குடுத்தேன்."

சிரித்த சிரிப்பில் மயிலாத்தாளின் கிடாய் மிரண்டு கயிற்றை இழுத்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். துளசிமணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறுச்சாமி ரோட்டைப் பார்ப்பதை விட்டு வரதராசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வரதராசுவுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது.

"முத நாளே ஓட விட்டீங்க" என்றார் ஆறுச்சாமி. "சோத்தைப் போட்டு உப்புசம் வர வெச்சீங்க. மேச்சேரி ஆட்டுல கம்பளிக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"வாங்குனது ஏழு. இப்ப எத்தனை இருக்குது?"

"ஒம்போதுங்ணா" என்றார் வரதராசு. குரல் அவருக்கே கேட்கவில்லை. "ரெண்டு குட்டி. ஒண்ணுகூடச் சாகலைங்க."

இதற்கு வந்ததுதான் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆடு பறந்துச்சுன்னீங்க, சரின்னேன். ஸ்வெட்டர் போட்டேன்னீங்க, அதுக்கும் சரின்னேன். நாப்பது வருஷமா ஆடு வெச்சிருக்கறேன், எனக்கே இந்த வருஷம் நாய் கடிச்சு மூணு போச்சு. இதை மட்டும் நம்பச் சொல்லாதீங்க தம்பி."

"சத்தியமா அக்கா."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது, சொன்ன எல்லாப் பொய்யையும்விட அதுதான் பெரிய பொய்யாகக் கேட்டது. உண்மையை எப்படிப் பெருக்கிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

ஆறுச்சாமி சுவரைவிட்டு இறங்கி மரத்துக்குப் பின்னால் போனார். ஒன்பது. ஒரு கிடாய், ஆறு பெட்டை, தாயை முட்டிக்கொண்டு இரண்டு குட்டி. ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சோகை பிடித்து வெளுக்கவில்லை, நல்ல சிவப்பு. வாலைத் தூக்கிப் பார்த்தார். கழிச்சல் ஒட்டவில்லை. ஒரு ஆட்டின் காலை மடக்கிக் குளம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குளம்பு யாரு வெட்டுனது?"

"அவருதாங்க" என்றாள் துளசிமணி. "வாங்குன கத்திரிக்கோலு சும்மா கெடக்குதேன்னு, மாசம் தப்பாம உக்காந்து வெட்டி விடறாருங்க. அதைத் தொழிலாவே வெச்சிருக்கறாரு."

இதைச் சொல்லவேண்டும் என்று வரதராசுவுக்குத் தோன்றவே இல்லை. மயிலாத்தாள் மரத்தைச் சுற்றி வந்து, விரல் நீட்டி ஒருமுறை எண்ணினாள். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

ஆறுச்சாமி காலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் காத்தாடி என்னோட கொறங்காட்டுக்குள்ளதான் நிக்குது" என்றார்.

துளசிமணி ஆட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆறுச்சாமியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மூணாவது கை இறுக்கமா இருக்குதுன்னு ஆடியில இருந்து என் உசுரை வாங்குது. திங்கக்கிழமை ஆட்டை ஓட்டிக்கிட்டு வரும்போது அளவெடுக்கற நாடாவையும் எடுத்துக்கிட்டு வாங்க."