மடத்து லேப்டாப்

வைகுந்தம் பிள்ளை பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சுவாமியைப் பார்க்க வந்தார்.

டெலிபோன் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மலையடிவாரத்து மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவான சுவாமியோ அவரைவிட வயதில் சின்னவர்.

"ஊருக்குப் போறேன் சாமி. உத்தரவு கொடுக்கணும்."

"ஏன்?"

"சம்மணம் போட்டா முழங்கால்ல உயிர் போகுது. புது மந்திரம் நாலு வரிக்கு மேல மனசுல நிக்கல. நேத்து தியானத்துல தூங்கி, பக்கத்துல இருந்தவர் மேலயே சாய்ஞ்சுட்டேன். எனக்குக் கொடுத்துவைக்கல."

ஊரில் அவருக்கு இருந்ததெல்லாம் பூட்டிய வீடு ஒன்றுதான். அங்கே போக அவருக்குத் துளியும் விருப்பமில்லை.

சுவாமி மேசைக்கடியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து நீட்டினார். செங்கல் மாதிரி கனத்தது.

"சாயங்காலம் இதுல சிடி போட்டுத்தான் பாட்டுக் கேப்போம். படுத்துடுச்சு. பார்த்துக் கொடுத்துட்டுப் போங்க."

வேலை என்று ஒன்று கையில் வந்தால் பிள்ளைக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். கழற்றித் தூசி தட்டினார். உள்ளே இருந்த சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. நல்லதாகவே செய்வோமே என்று புத்தம் புது சிஸ்டம் ஒன்றை ஏற்றினார். பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போய், கை கழுவிவிட்டு வந்தால், திரையில் 'காத்திருங்கள்' என்று சுற்றும் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓலமிட்டது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்து, தானே அணைந்துவிட்டது. விடுவாரா? அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். மறுபடி அதே கதைதான்.

காலையில் கொண்டுபோய் சுவாமி முன்னால் வைத்தார்.

"இது உருப்படாது சாமி. தூக்கிப் போட வேண்டியதுதான்."

"வாங்கும்போது எதுல ஓடிச்சு?"

"அது பழைய விண்டோஸ். இப்ப யாரும் அதைச் சீண்டுறதில்ல."

"அது இந்த மெஷினுக்குத் தெரியுமா?"

பிள்ளை போய் லேப்டாப் வந்த பையைத் துழாவினார். உள்ஜிப்பில் அதோடு கொடுத்த பழைய விண்டோஸ் சிடி கிடந்தது. வேட்டி நுனியில் துடைத்துப் போட்டார்.

மதியத்துக்குள் ஏறிவிட்டது. ஆபீஸில் தினமும் கேட்ட அந்தத் தொடக்க இசை ஒலித்ததும், அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பாட்டு சிடி ஒன்றைப் போட்டார். தடங்கலில்லாமல் பாடியது.

சுவாமி வந்து நின்று பாட்டைக் கேட்டார்.

"நெட்ல மட்டும் மாட்டக் கூடாது சாமி. பழசு, வைரஸ் தாங்காது."

"அந்த வலையை விட்டு ஓடி வந்தவங்கதானே நாம எல்லாரும்." சுவாமி சிரித்தார். "மெஷின்ல என்னதான் கோளாறு?"

"மெஷின்ல ஒண்ணுமில்ல சாமி. அதால தூக்க முடியாததை நான்தான் ஏத்திக்கிட்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான் பிள்ளைக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. குருவின் முகத்தைப் பார்த்தார்.

சுவாமி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"வீட்டுல எப்படிச் சாமி கும்பிடுவீங்க?"

"நாற்காலியில உட்கார்ந்து முருகா, முருகான்னு சொல்லிக்கிட்டிருப்பேன். அம்மா சொல்லிக் கொடுத்தது. வேற தெரியாது."

"அப்பத் தூக்கம் வருமா?"

"வராது சாமி. அப்பல்லாம் பொழுது போறதே தெரியாது."

சுவாமி தன் நாற்காலியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"தியான மண்டபத்துல தூண் பக்கமா போட்டுக்கங்க. பையை அவிழ்த்துட்டு வாங்க, மணி அடிக்கப் போறாங்க."