கருவோடன் மாற்றிய விதி

ஆலங்காட்டு ஏரியில் கருவோடன் என்ற ஆமை தலைவராக இருந்தார். வருஷம் தவறாமல் அவரேதான் ஜெயித்தார்.

அங்கே தேர்தல் எளிமையானது. கோடை தொடங்கும் முன் எல்லா உயிர்களும் கரையில் கூடும். தலைவர் பதவிக்கு நிற்பவர்களில் தனக்குப் பிடித்தவர் பின்னால் ஒவ்வொருவரும் வரிசையாக நிற்க வேண்டும். எந்த வரிசை நீளமோ, அந்த ஆள் தலைவர். கோடையில் ஏரி வற்றினாலும் நடுவில் இருக்கும் மடு மட்டும் வற்றாது. அதில் யார் யார் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை தலைவருக்குத்தான்.

ஏரியில் தவளைகள்தான் அதிகம். ஆனால் வயல் தவளை, பாறைத் தவளை, மரத் தவளை என்று மூன்று கூட்டம். ஒன்றுக்கொன்று ஆகாது. மூன்றும் தனித்தனியாக ஆள் நிறுத்தும். ஆமைகளும் நண்டுகளும் கருவோடன் ஒருவர் பின்னாலேயே நிற்கும். அந்த வரிசைதான் நீளமாக இருக்கும்.

ஒரு தேர்தல் முடிந்ததும் வயல் தவளைகளின் தலைவி வரிச்சி அவரைப் பார்க்க வந்தாள்.

"ஐயா, எங்கள் மூன்று வரிசையையும் சேர்த்தால் உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு வரும். அப்படியும் மடுவில் எங்களுக்கு ஓர் ஓரம்கூட இல்லை. ஒரே தலைவருக்குப் பதில் ஒரு சபை வைக்கலாமே. வரிசை எவ்வளவு நீளமோ, சபையில் அதற்கேற்ற இடம் கொடுக்கலாமே."

"நீங்கள் சண்டை போட்டுப் பிரிந்து நிற்பது என் தப்பா?" என்றார் கருவோடன். "பெரியவர்கள் வைத்த விதி. அதில் கை வைக்க நான் யார்?"

அவள் சொன்னது சரி என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னார்.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. கரையோரக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின. வரிச்சி ஓடி வந்தாள்.

"ஐயா, குட்டையில் என் தலைப்பிரட்டைகள் கிடக்கின்றன. இன்னும் கால்கூட முளைக்கவில்லை. மடுவில் விட்டுக்கொள்ளட்டுமா? ஓரமாக இருந்துகொள்ளும்."

மடுவில் இடம் இருந்தது. ஆனால் ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே என்று கருவோடன் நினைத்தார்.

"இடம் இல்லையம்மா" என்று சொல்லித் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவள் வெளியே நின்று மறுபடி மறுபடி கூப்பிட்டாள். அவர் தலையை நீட்டவில்லை.

மறுநாள் அவர் இரை தேடி அந்தப் பக்கம் போனார். குட்டை வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. பக்கத்தில் வரிச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் படாமல் அவர் சுற்று வழியில் வீடு திரும்பினார். அன்று அவருக்கு இரை இறங்கவில்லை.

பிறகு மழை பெய்தது. ஏரி நிறைந்தது. அடுத்த தேர்தல் நெருங்கியது. அவருடைய ஆலோசகனான நண்டு ஒரு நாள் மூச்சிரைக்க வந்தது.

"அண்ணே, மூன்று தவளைக் கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டன. இந்தத் தடவை வரிச்சி ஒருத்திதான் நிற்கப்போகிறாள். தோற்றால் மடுவில் நமக்கு இடமே கிடையாது."

கருவோடனுக்கு வெடித்த சேறு கண் முன் வந்தது. இப்போது அதில் ஆமைக் குஞ்சுகள் கிடப்பதுபோல் இருந்தது.

"ஒரு வழி இருக்கிறது. தேர்தலுக்கு முன்பே விதியை மாற்றிவிடுங்கள்" என்றது நண்டு. "ஒரே தலைவர் வேண்டாம், சபை வைப்போம். தோற்றாலும் சபையில் நமக்குச் சில இடம் மிஞ்சும்."

"போன வருஷம் அவள் கேட்டது இதைத்தானே?"

"ஆமாம். அப்போது நமக்குத் தேவைப்படவில்லை."

கருவோடன் கரையில் எல்லாரையும் கூட்டினார். எல்லாக் கூட்டத்தின் குரலும் கேட்க வேண்டும், அதுவே நியாயம் என்று உருக்கமாகப் பேசினார். சில தவளைகள் முணுமுணுத்தன. "ஜெயிக்கப்போகிற நேரத்தில் நாம் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?"

வரிச்சி எழுந்தாள். "நம்முடைய ஒற்றுமை எத்தனை வருஷம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு நாமே பிரிந்தால் பழைய கதைதான். அதோடு, சேற்றில் குஞ்சுகள் காய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆமைக் குஞ்சானாலும் இன்னொரு தடவை பார்க்க முடியாது. சபைக்குச் சம்மதிப்போம்."

விதி மாறியது. எல்லாரும் கருவோடனைச் சூழ்ந்துகொண்டார்கள். "பதவியைத் தானாக விட்டுக்கொடுத்த மகராசன்" என்று நீர்க்கோழி பாராட்டியது. ஒரு குட்டித் தவளை அவர் ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அந்த இடம் அவருக்குச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கூட்டம் கலைந்ததும் வரிச்சியிடம் போனார்.

"அம்மா, நான் நியாயத்துக்காக இதைச் செய்யவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் செய்தேன்."

"தெரியும் ஐயா."

"மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை."

"கேட்காதீர்கள். மன்னிக்க வேண்டியவர்கள் இப்போது உயிரோடு இல்லை." பிறகு வரிச்சி சொன்னாள். "பயத்தில் நீங்கள் மாற்றிய விதியை, பயம் போனதும் இன்னொருவர் திருப்பி மாற்றலாம். பதவியில் இருப்பவர் தன்னிச்சையாகத் தேர்தல் விதியில் கை வைக்கக் கூடாது. கரை முழுக்கச் சம்மதித்தால்தான் மாற்றலாம். இதை எல்லார் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்."

மறுநாள் கருவோடன் சொன்னார். போன வருஷம் வரிச்சி கேட்டதையும், தான் மறுத்ததையும், மடுவில் இடம் இருந்ததையும், கடைசியில் எதற்காக மனம் மாறினார் என்பதையும் சொன்னார். நீர்க்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டித் தவளை தன் தாயின் பின்னால் போய் ஒண்டியது. ஒருவரும் கை தட்டவில்லை. ஆனால் வரிச்சி சொன்ன விதியை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்தல் முடிந்ததும் சபையில் ஆமைகளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. கருவோடன் இரண்டிலும் உட்காரவில்லை. வேறு ஆமைகளை அனுப்பிவிட்டு, கூட்டம் நடக்கும்போதெல்லாம் கடைசி வரிசையில் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து வந்த கோடையில் மடு நெருக்கடியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் வெளியே காயவில்லை.

நீதி: பிறர் தவிக்கும்போது மறுத்துவிட்டு, தனக்கு ஆபத்து வந்த பிறகு செய்யும் நியாயம் ஊருக்கு நன்மை தரலாம், செய்தவருக்கு அது பெருமை தராது.