சொக்கனேரிக் காய்ச்சலும் வெளிநாட்டு நிதியும்

சொக்கனேரியில் மழை வந்தால் காய்ச்சலும் வரும். போன ஐப்பசியில் பாதி ஊர் படுத்துவிட்டது. இதற்கு முடிவு கட்ட ஒரு சுகாதாரச் சங்கம் கிளம்பியது. தலைவர் பூவலிங்கம், செயலாளர் இசக்கிராஜ், பொருளாளர் தளவாய். மூவருக்கும் அக்கறை ஏராளம்; மூளைதான் அளவோடு.

காய்ச்சலை ஆராய்கிறவர்களுக்கு ஒரு வெளிநாட்டு அரசாங்கம் நிதி தருகிறதாம், நம்மவர்களும் கேட்கலாமாம் என்று காதில் விழுந்தது. டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஸ்டெல்லாவிடம் ஓடினார்கள். அவள் நிபந்தனைகளைப் படித்துச் சொன்னாள்.

"மொதல்ல உங்க சங்கம் பதிவாகியிருக்கணும் அண்ணாச்சி."

அன்று சாயங்காலமே, பஞ்சாயத்து போட்டிருந்த ஈர சிமென்ட் ரோட்டில் மூவரும் குப்புறப் படுத்தார்கள். தலைவரின் தொப்பை அருமையாகப் பதிந்தது. தளவாயின் மூக்குதான் சரியாக விழவில்லை.

"இன்னொரு தரம் படும் வே," என்றார் தலைவர். "மூக்கில்லாத சங்கத்துக்கு எவன் காசு தருவான்?"

அடுத்த நிபந்தனை: ஒரு குழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டும், இன்னொரு குழுவுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது.

தளவாய் நிலவேம்புக் கஷாயம் குடித்தார். இசக்கிராஜ் ஒன்றும் கொடுக்காத குழு. மத்தியானம் அவர் மனைவி செல்லக்கனி சோற்றுத் தட்டோடு வந்தாள். தலைவர் மறித்தார்.

"ஒண்ணும் கொடுக்கக் கூடாது தாயி. சோறு ஒண்ணா இல்லையா?"

"ஒண்ணுதான். தண்ணியாவது குடுக்கட்டுமா?"

"அதுவும் ஒண்ணுதான!"

விளக்கு வைக்கும் நேரத்தில் இசக்கிராஜ் மயங்கி விழுந்தார். தலைவர் பரவசத்தோடு முடிவை எழுதினார்: 'மருந்து சாப்பிட்டவர் நிற்கிறார். சாப்பிடாதவர் விழுந்துவிட்டார்.'

அதை ஸ்டெல்லா அனுப்பிவைத்தாள். ரத்த மாதிரி அனுப்பும்படி பதில் வந்தது.

"ரத்தம் கேக்கலையே?" என்றார் தளவாய்.

"இல்ல. ரத்தம் மாதிரி கேக்காங்க," என்றார் இசக்கிராஜ்.

"தங்கமான மனுசங்க வே," என்று தலைவர் உருகினார். "நம்மள ஊசி குத்த மனசு வரல பாத்தீரா?"

கடையில் இருந்ததிலேயே சிவப்பான சர்பத்தாக இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றைப் பார்சலில் அனுப்பினார்கள்.

சில வாரத்தில் அவசரத் தகவல்: 'சர்க்கரை அபாய அளவைத் தாண்டிவிட்டது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும்.'

மூவரும் பதறிப்போனார்கள். மிச்சமிருந்த பாட்டிலைப் போர்வையில் சுற்றி, மடியில் கிடத்தி, ஆட்டோவில் பறந்தார்கள்.

"நோயாளி எங்கே?" என்றார் டாக்டரம்மா.

தலைவர் மெல்லப் போர்வையை விலக்கினார். கண் கலங்கியிருந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரும்மா. மூச்சு முட்டுதோ என்னவோ, மூடியக் கொஞ்சம் தொறந்து பாருங்களேன்."